வாசலில் ஒருவர்

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் புதிய உபதேசியார் ஜெசிந்தா, பெந்தெகொஸ்தே திருநாளுக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். கோயிலில் உள்ள பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். என் கையெழுத்து புரியாத இரண்டு இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, பங்கின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்றார்.

"எத்தன பேர ஞானஸ்நானத்துக்குத் தயார் பண்ணியிருப்பீங்க! அதுல மனசுல நிக்கிறத எழுதிக் குடுங்கய்யா."

"நல்லதா எழுதணுமா, நடந்தத எழுதணுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கத்துக்கு மேல போகாம எழுதுங்க" என்று சிரித்தார்.

இரண்டு பக்கத்தில் முடியவில்லை. நல்லதாகவும் வரவில்லை.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உபதேசியார் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து உண்டு. எந்த ஊருக்குப் போனேன், எத்தனை மணிக்கு, மழை பெய்ததா, ஜெபத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எல்லாம் இருக்கும். இந்தக் கட்டுரையில் கிழமையும் நேரமும் எழுதுகிறேன். ஆண்டையும் ஊர்ப் பெயரையும் விட்டுவிடுகிறேன். திருச்சுழிக்குக் கிழக்கே, வீரசோழன் பஸ் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிளைக் கிராமம் என்பது போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அதற்குக் காரணம் போகப் போகத் தெரியும்.

உபதேசியார் என்றால் பங்குச் சாமியாருக்கு உதவியாள். சாமியார் மாதம் ஒரு முறை பூசை வைக்க வரும் கிராமங்களுக்கு மற்ற வாரங்களில் நாங்கள் போவோம். ஜெபம் நடத்துவோம், மறைக்கல்வி சொல்லிக்கொடுப்போம், ஞானஸ்நானம் கேட்டு வருபவர்களைத் தயார் செய்வோம். இப்போது திருமுழுக்கு என்கிறார்கள். என் வாயில் பழைய சொல்தான் வருகிறது.

மதுரையில் எட்டு மாதம் பயிற்சி. வேதாகமம், ஜெபங்கள், பாட்டு, ஆர்மோனியம். ஆர்மோனியம் கடைசிவரை வரவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் மீட்பு உண்டா என்ற கேள்விக்கு அங்கே சொல்லிக்கொடுத்த விடை மட்டும் நன்றாக வந்தது. ஞானஸ்நானம் அவசியம். ஆனால் அது மூன்று வழியில் வரும். தண்ணீரால் வருவது எல்லோருக்கும் தெரிந்தது. ஞானஸ்நானம் பெறுமுன்பே விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்களுக்கு அவர்கள் இரத்தமே ஞானஸ்நானம். மனதார விரும்பி, தண்ணீர் வந்து சேருமுன் இறந்துபோனவர்களுக்கு அந்த ஆசையே ஞானஸ்நானம். இந்தப் பாடத்தைப் பல நூறு தடவை சொல்லியிருப்பேன்.

நான் அதிக காலம் வேலை பார்த்தது சவரிமுத்து சாமியிடம். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது தப்பாக ஏதாவது சொன்னால் பேனாவை மூடிவைப்பார். மூடி 'டக்' என்று விழும் சத்தம் போதும். எதிரில் நிற்பவருக்கு வியர்த்துவிடும். எல்லோரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார், மாடு மேய்ப்பவரையும். ஞானஸ்நானம் முடிந்ததும் பதிவேட்டில் பெயரை எழுதி, உரக்கப் படித்து, எழுத்துத் தெரியாதவராக இருந்தால், "இதுதான் உங்க பேரு. மேல கைய வைங்க" என்பார். அவர்கள் விரலை மெதுவாக அந்த வரியின்மேல் வைப்பார்கள். மை காயாமல் சிலருக்கு விரலில் ஒட்டிக்கொள்ளும். அதற்காக அவர் யாரையும் கடிந்துகொண்டதில்லை.

ஆபத்துக்கால ஞானஸ்நானம் கொடுக்கும் முறையையும் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சாகக் கிடக்கும் ஒருவர் ஞானஸ்நானம் கேட்டு, சாமியார் வர நேரம் இல்லை என்றால் உபதேசியாரே கொடுக்க வேண்டும். 'கொடுக்கலாம்' என்றல்ல, 'கொடுக்க வேண்டும்' என்றுதான் சொன்னார். அதற்குக் குடுமித் தேங்காய் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"இது தல. இது முடி. ஊத்துங்க."

ஊற்றினேன்.

"தண்ணி முடியோட நின்னு போச்சு. தோல்ல ஓடணும். விரலால முடிய விலக்கிக்கிட்டு ஊத்துங்க. தண்ணி ஓடுற நேரமும் 'பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே'ன்னு வார்த்த சொல்ற நேரமும் ஒண்ணா இருக்கணும். ஊத்திட்டுச் சொல்றது, சொல்லிட்டு ஊத்துறது ரெண்டும் ஆகாது."

ஏழெட்டுத் தடவை செய்தேன். மேசையெல்லாம் ஈரம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் செல்லுமா என்று கேட்டேன். "தண்ணின்னு சொல்றது எதுவும் செல்லும். ஆறு, கிணறு, கடல், போர்த் தண்ணி எல்லாம் செல்லும்" என்றார். பிறகு தேங்காயை உடைத்து உள்ளிருந்த தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து என்னிடம் நீட்டி, "இது மட்டும் செல்லாது, குடிங்க" என்றார். அன்று மத்தியானம், சாமியார் தங்கும் அறைவீட்டின் சமையல்காரர் அந்தத் தேங்காயில் துவையல் அரைத்தார். முழுச் சடங்குக்கும் அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை என்று என் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

என் நான்காம் வருடத்தில் வேறொரு கிராமத்தில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கருப்பையா என்ற கொத்தனார் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றார். நான்தான் ஆறு மாதம் பாடம் சொல்லித் தயார் செய்தேன். அந்த ஜூன் மாதம் அவர் மகனுக்குக் கல்லூரிக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. யாரோ மனு எழுதிப் போட்டுவிட்டார்கள். பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவர் ஆகிவிட்டால் அந்தச் சான்றிதழ் இல்லை என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மூன்று நாள் அலுவலக வாசலில் நின்றேன். அதிகாரி பதிவேட்டில் இருந்த என் கையெழுத்தைக் காட்டி, "இது நீங்க எழுதுனதுதான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பையனுக்கு இடம் போனது.

கருப்பையா பஸ் ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சொர்க்கத்துக்குக் கதவத் தொறந்து விட்டீக. எம் பயலுக்குக் காலேசுக் கதவ அடைச்சுப்புட்டீகளே உபதேசியாரே!"

நானும் அந்தத் தெருக்களில் வந்த வம்சம்தான். தாத்தா காலத்திலேயே எங்களுக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டதால் எனக்குப் புதிதாக இழக்க ஒன்றும் இல்லாமல் போனது. அவருக்குக் கையைக் கூப்பிவிட்டு என் பஸ்ஸைப் பிடித்தேன். அதன்பிறகு பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தோடு இருக்கும்போதுதான் இருளாயி வந்தாள்.

இருளாயிக்கு என்னைவிட ஐந்தாறு வயது அதிகம். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் செத்து, ஒரே மகளோடு இருந்தவள். சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் வேலை. இரண்டு கைகளிலும் முள் கிழித்த கோடுகள். மகள் முத்துலட்சுமிக்குப் பத்து வயதில் விடாத காய்ச்சல் வந்தபோது, யாரோ சொன்னார்கள் என்று ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோணியார் ஜெபத்துக்கு வந்தாள். காய்ச்சல் விட்டது. அவள் வருவதை விடவில்லை.

மூன்றாம் மாதம் ஞானஸ்நானம் கேட்டாள். எனக்குக் கருப்பையாவின் மகன் முகம் நினைவுக்கு வந்தது.

"மக படிக்கட்டும்க்கா. அவளுக்குச் சர்டிபிகேட்டுச் சிக்கல் வந்துரக் கூடாது. அதுவரைக்கும் வாசல்ல உக்காந்து கேளுங்க. கடவுளுக்கு எல்லாம் தெரியும்."

அன்று இரக்கத்தால்தான் சொன்னேன். அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

அவள் வாசலில் உட்கார்ந்தாள். ஜெபத்துக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிப் போடும் இடம் அது. நாய் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வாள். பூசையில் எல்லோரும் நன்மை, அதாவது நற்கருணை, வாங்க எழுந்து போகும்போது அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளிப்பக்கம் திரும்பிக்கொள்வாள். "வெல கூடுன செருப்பு போட்டு வாரவுகதான் உள்ள போனதும் தூங்குறாக. ரப்பர் செருப்புக்காரவுக முழிச்சிருக்காக" என்று என்னிடம் ஒரு நாள் கணிப்புச் சொன்னாள். தப்பில்லை.

பாடமும் வாசலில் இருந்தே கேட்டாள். உள்ளே இருந்த பெரிய ஆட்களிடம் ஞானஸ்நானம் எத்தனை வகை என்று நான் கேட்டு, அவர்கள் விழித்துக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து சத்தம் வரும்: "மூணு! தண்ணி, ரத்தம், ஆச! ஏலே, இது கூடத் தெரியாமயா உள்ள உக்காந்திருக்கீக?"

விரும்பி வருகிறவர்களின் பெயரை எழுத எங்களிடம் தனியாக ஒரு ஆயத்த நோட்டு உண்டு. அதில் பெயர் இருந்தால், ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்துபோனாலும் கோயில் முறைப்படி அடக்கம் செய்யலாம். அதில் அவள் பெயரை நான் எழுதவில்லை. கையெழுத்து என்றால் எனக்குப் பயம். என் சொந்த நாட்குறிப்பில்கூட எழுதவில்லை. 'உள்ளே நாற்பது பேர், வாசலில் ஒருவர்' என்று எழுதுவேன். வாராவாரம், பதினாறு வருடம்.

ஒவ்வொரு வருடமும் தவக்காலத்தின் முதல் ஞாயிறு அன்று, ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் பெறப்போகிறவர்களின் பட்டியலைச் சாமியிடம் கொடுக்க வேண்டும். சவரிமுத்து சாமி ஒவ்வொரு கிராமமாகக் கேட்பார். இருளாயியின் கிராமம் வரும்போது, "அங்க யாராச்சும் காத்துக்கிட்டு இருக்காங்களா?" என்பார்.

"இல்ல சாமி" என்பேன்.

ஒரு வருடம் பூசைக்கு வந்தவர் அவளைக் கவனித்துவிட்டார். "வாசல்ல உக்காந்திருக்கிற அம்மா யாரு?"

"செருப்புப் பாத்துக்கிறவுக சாமி. பழக்கத்துக்கு வாராக."

அவர் நம்பினார். நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றக் காரணமே இருக்கவில்லை.

மகள் பள்ளியை முடித்தாள். நர்சிங் சீட் கிடைக்கட்டும் என்றேன். கிடைத்தது. வேலை கிடைக்கட்டும் என்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசாங்க வேலை கிடைத்தது. நிரந்தரம் ஆகட்டும் என்றேன். ஆனது. கல்யாணம் ஆகட்டும் என்றேன்.

"கல்யாணத்துக்கும் சர்டிபிகேட்டுக்கும் என்ன இருக்கு உபதேசியாரே?" என்றாள் இருளாயி. நான் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவளே சிரித்தாள். "சரி. இந்த ஆச ஞானஸ்நானம் எம்புட்டு வருசத்துக்குச் செல்லும்? ரேசன் கார்டு மாதிரி புதுப்பிக்கணுமா?"

நான் எந்த விஷயத்தையும் புத்தகம் பார்க்காமல் விடாத ஆள். ஒரு புனிதரின் திருநாள் எந்தக் காலத்தில் மாற்றப்பட்டது என்பதற்காக மதுரைக்கு பஸ் ஏறி நூலகம் போனவன். மகள் வயது வந்த பிறகு தாய் ஞானஸ்நானம் பெற்றால் மகளின் சான்றிதழுக்கு என்ன ஆகும் என்ற ஒரு கேள்வியை மட்டும் இந்தப் பதினாறு வருடத்தில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நாளில் விடை கிடைத்திருக்கும். ஒருவேளை 'ஒன்றும் ஆகாது' என்று அவர்கள் சொல்லியிருந்தால், இத்தனை வருடம் சாமியிடம் 'யாரும் இல்லை' என்று சொன்னதற்கு நான் என்ன காரணம் சொல்வது? முதல் சில வருடங்கள் அவளை வாசலில் உட்காரவைத்தது அவள் மகளுக்காக. அதற்குப் பிறகு எனக்காக.

பதினாறாம் வருடம் தவக்காலத்தில் இருளாயி படுத்துவிட்டாள். கர்ப்பப்பையில் புற்று. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நான்காம் வாரம் வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சவரிமுத்து சாமி, சாமியார்களுக்கான தியானத்துக்குப் போயிருந்தார். சனிக்கிழமை காலையில்தான் திரும்புவார். முத்துலட்சுமி வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"ஐயா, மகளாச் சொல்லல, நர்சாச் சொல்றேன். நாளைக்குத் தாண்டுறது கஷ்டம். அம்மா ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு."

உள்ளே போனேன்.

"வாங்க உபதேசியாரே. செருப்ப எங்க விட்டீக? பாத்துக்கிற ஆளு படுத்துட்டேன்ல" என்றாள் இருளாயி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

தலைமாட்டில் ஒரு புது எவர்சில்வர் சொம்பு, நிறையத் தண்ணீர். மகளிடம் எடுத்துக் காட்டச் சொன்னாள். கழுத்தருகே, ஞானஸ்நானத்துக்கு அவள் தேர்ந்தெடுத்திருந்த பெயர் வெட்டியிருந்தது: அந்தோணியம்மாள்.

"அருப்புக்கோட்டையில வெட்டுனது. நீங்க எழுத மாட்டேன்னுட்டீக. பாத்திரக்கடைக்காரரு எழுதிக் குடுத்துட்டாரு." அந்த எழுத்துகளின்மேல் விரலை வைத்துக் காட்டினாள், பதிவேட்டில் மற்றவர்கள் வைப்பதை வாசலிலிருந்து பார்த்த மாதிரியே. "டிராக்டர்ல வந்த நல்ல தண்ணிதான். ஊத்துங்க."

நான் உட்கார்ந்தேன். சொம்பு என் கைக்கு வந்துவிட்டது. அப்போது என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஊற்றினால் சாமியிடம் சொல்ல வேண்டும். சொன்னால், "எவ்வளவு காலமாக் கேக்குறாங்க?" என்று கேட்பார். பேனா மூடி விழும். பதினாறு வருடமும் வெளியே வரும்.

"அக்கா, ஒங்களுக்கு அது எப்பவோ ஆயிருச்சு. சிலுவையில பக்கத்துல தொங்குனானே கள்ளன், அவனுக்கு யாரு தண்ணி ஊத்துனா? இன்னைக்கே நீ என்கூட இருப்பேன்னு ஆண்டவர் சொல்லிட்டாருல்ல. ஆசப்பட்டான், போதும்னு ஆயிருச்சு."

இருளாயி என்னையே பார்த்தாள்.

"அவனுக்குக் கையிலயும் கால்லயும் ஆணி. எறங்கி வந்து தண்ணி கேக்க முடியல. எனக்கு என்ன ஆணியா? வாசப்படி வரைக்கும் என் காலால நடந்து வந்தேன். நீங்கதான உக்காரச் சொன்னீக."

முத்துலட்சுமி என் பக்கம் திரும்பினாள். "என் வேலைய நெனச்சுத் தயங்காதீங்கய்யா. போனாலும் போகட்டும். ஊத்துங்க."

அவள் அப்படிச் சொன்ன பிறகு என்னிடம் ஒரு காரணமும் மீதி இல்லை. இன்னொன்றும் எனக்குத் தெரியும். ஆபத்து நேரத்தில் உபதேசியார்தான் ஊற்ற வேண்டும் என்றுகூட இல்லை. யாரும் ஊற்றலாம். ஞானஸ்நானம் பெறாத ஒருவர் ஊற்றினாலும், சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணத்தோடு அந்த வார்த்தையைச் சொல்லி ஊற்றினால் செல்லும். பக்கத்தில் நின்ற மகளே ஊற்றியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

"சனிக்கிழம சாமி வந்துருவாரு. அவரு கையால முறையா வாங்குங்க. அதுதான் நல்லது" என்று சொல்லிச் சொம்பை ஜன்னலில் வைத்தேன்.

"அப்ப இன்னும் ரெண்டு நாளைக்கு ஆச செல்லுமுல்ல?" என்றாள் இருளாயி. வழக்கமான கிண்டல்தான். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு வெளியே வந்தேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் இறந்தாள்.

சனிக்கிழமை சவரிமுத்து சாமி பஸ்ஸை விட்டு இறங்கி அறைவீட்டுக்கு வந்தபோது முத்துலட்சுமி அங்கே காத்திருந்தாள். அம்மாவைக் கோயில் கல்லறையில் அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டாள். சாமி என்னைக் கூப்பிட்டார்.

"ஆயத்த நோட்டுல இவங்க பேரு இருக்கா?"

"இல்ல சாமி."

அவர் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கம்வரை பார்த்தார். "எழுதாம விட்டுப் போறது உண்டுதான். நோட்டு முக்கியமில்ல. இந்த அம்மா ஞானஸ்நானம் கேட்டாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா? நீங்க ஒரு வார்த்த சாட்சி சொன்னாப் போதும், நானே வந்து அடக்கம் பண்றேன்."

கதவு திறந்துதான் இருந்தது. ஒரு 'ஆமாம்' போதும். முத்துலட்சுமி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்டக் கேட்டதா ஞாபகம் இல்ல சாமி" என்றேன்.

சாமி பேனாவை மூடவில்லை. அவரிடம் சந்தேகமே இல்லை. மகளிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கையைக் கூப்பினார். நான் சொன்னது பொய் என்று அந்த அறையில் தெரிந்தவள் முத்துலட்சுமி ஒருத்திதான். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "சரி சாமி, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று பகல் இரண்டு மணிக்கு இருளாயியை அவர்கள் தெருவின் சுடுகாட்டில் எரித்தார்கள். நான் போகவில்லை. நாட்குறிப்பில் அன்று 'வெயில் அதிகம்' என்று மட்டும் இருக்கிறது.

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். ஞானஸ்நானம் மீட்புக்கு அவசியமா என்ற கேள்விக்குத் திருச்சபை சொல்வதை என்னால் இப்போது இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும். நற்செய்தியைக் கேட்டு, ஞானஸ்நானம் கேட்கும் வாய்ப்பும் உள்ளவர்களுக்கு அது அவசியம். ஆனால் கடவுள் தாம் கொடுத்த அடையாளத்துக்குள் கட்டுண்டவர் அல்ல. தண்ணீர் போய்ச் சேராத இடத்துக்கும் அவர் போவார். அன்று கள்ளனைப் பற்றி நான் சொன்னது பொய்யான போதனை இல்லை. உண்மையைத்தான் சொன்னேன், தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்னேன். கொடுக்க வேண்டியவன் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காகக் கொடுக்காமல் போனால் அவன் கதி என்ன என்பதற்கு நான் படித்த புத்தகங்களில் தனி அத்தியாயம் இல்லை.

சவரிமுத்து சாமி மாற்றலாகிப் போய், பிறகு காலமானார். அவரிடம் நான் சொல்லவே இல்லை. வேறு ஊரில், என்னைத் தெரியாத ஒரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். செய்த தீங்கைச் சரி செய்யச் சொன்னார். இறந்தவருக்கு என்ன செய்வது என்று அவருக்காக ஜெபித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ரத்த அழுத்தம் வந்தது. மாத்திரை வாங்கும் சுகாதார நிலையத்துக்கு முத்துலட்சுமி மாற்றலாகி வந்திருந்தாள். வரிசையில் நின்ற என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து நாற்காலி போட்டாள். மாதாமாதம் அப்படித்தான். தீபாவளிக்கு அதிரசம் கொடுத்துவிடுவாள். ஒரு தடவை உடன் வேலை பார்க்கும் பெண்ணிடம், "இவுகதான் எங்க குடும்பத்துக்கு வேண்டியவுக. எனக்காகப் பெரிய சங்கடத்தத் தாங்கிக்கிட்டவுக" என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்று சாமி முன்னால் நான் பொய் சொன்னது அவள் வேலையைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நாற்காலியில் ஆறு வருடம் உட்கார்ந்தேன். ஒரு மாதம்கூட அவள் நினைப்பைத் திருத்தவில்லை.

ஜெசிந்தா கட்டுரை கேட்டுப் போனபின் நான்கு நாள் எழுதிப் பார்த்தேன். இதை எழுதாமல் வேறு எதையும் எழுத வரவில்லை. எழுதினால் முத்துலட்சுமி கண்ணில் படுமுன் என் வாயால் சொல்ல வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு, பகல் பன்னிரண்டே முக்காலுக்குச் சுகாதார நிலையத்தில் அவள் அறையில் போய் உட்கார்ந்தேன். என் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சொன்னேன். சாமியிடம் வருடாவருடம் 'இல்லை' என்றதையும், அன்று அப்படிப் பொய் சொன்னது அவளுக்காக இல்லை, எனக்காக என்பதையும் சொன்னேன்.

அவள் காற்றை அடிப்பதை நிறுத்தினாள்.

"அப்ப என் வேலைக்காக இல்லையா?"

"இல்லம்மா."

"ஐயா, மாசாமாசம் சம்பளம் ஏறுதுன்னு போன்ல மெசேஜ் வரும்போதெல்லாம், இதுக்குத்தான் எங்கம்மா வாசல்லயே கெடந்து செத்துச்சுன்னு நெனப்பேன். ஒம்போது வருசமா." அவள் குரல் உயரவில்லை. "கோயிலுக்குள்ள காலு வைக்க எனக்குக் கூச்சம். நான்தான் எங்கம்மாவ உள்ள விடாம மறிச்சவன்னு. ஒங்களுக்கு நாக்காலி போட்டது கூட அதுக்குத்தான். நீங்களாச்சும் என்னத் திட்டாம இருக்கீகளேன்னு."

அவள் பட்டையிலிருந்த காற்றை இறக்கிவிட்டாள்.

"எங்கம்மா இப்ப எங்க இருக்கு? இத மட்டும் தப்பிக்கப் பாக்காமச் சொல்லுங்க."

"உள்ள இருக்காக. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அவுக கேட்டாக. மறிச்சது நான்தான், ஆண்டவர் இல்ல."

"இத அன்னைக்குச் சாமிகிட்டச் சொல்ல ஒரு நிமிசம் ஆயிருக்குமா?"

"ஆயிருக்காது."

இன்னொன்று பாக்கி இருந்தது. அதையும் விட்டுவிட்டால் வந்ததற்கு அர்த்தமில்லை. "அன்னைக்கு நீயே ஊத்தியிருக்கலாம்மா. ஆபத்து நேரத்துல யாரு ஊத்துனாலும் செல்லும். எனக்குத் தெரியும். சொல்லல."

"நானா?"

"நீதான். சொம்ப எடுத்துக் குடுத்தியே, அந்தக் கையால."

முத்துலட்சுமி தன் கையைப் பார்த்தாள். பிறகு பட்டையைச் சரி செய்து, மறுபடி காற்றடித்து, முள் இறங்குவதைக் கவனமாகப் பார்த்துச் சீட்டில் குறித்தாள். முப்பது நாள் மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டாள். காலையில் எது, இரவில் எது என்று எப்போதும்போலக் கவரின்மேல் எழுதினாள்.

"ரத்த அழுத்தம் கூடத்தான் இருக்கு. உப்பக் கொறைங்க" என்றாள். "அடுத்த மாசத்துல இருந்து மாத்திர வாங்க வேற யாரையாச்சும் அனுப்புங்க. நீங்க வராதீங்க."